இலவச சாப்ட்வேரோடு கட்டி வரும் சரக்கு: கம்ப்யூட்டர் எச்சரித்தால் வணிகர் செய்ய வேண்டியது என்ன?

புதுக்கோட்டை கீழராஜ வீதியானாலும் சரி, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி கடைவீதிகளானாலும் சரி, மொத்த வியாபாரம் செய்யும் கடைகளில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரும் இடம் பிடித்துவிட்டது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பேரேட்டையும் சிட்டையையும் மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாத நிலை. பில் போடுவது, இ-வே பில் எடுப்பது, பாங்கிக் கணக்கில் பணம் அனுப்புவது, எந்தச் சில்லறைக் கடைக்காரரிடம் எவ்வளவு நிலுவை என்று பார்ப்பது எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. நம் முன்னோர் பூட்டும் சாவியுமாகக் காத்த இரும்புப் பெட்டியின் வேலையை இன்று அதுதான் செய்கிறது. ஆனால் அதற்குள் யார் எதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று நாம் கவனிக்கிறோமா?

எங்கள் மளிகை மொத்தக் கடையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் விஷயம் எளிதாக விளங்கும்.

அன்று மாதத்தின் 10ஆம் தேதி. மறுநாள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்யக் கடைசி நாள். தனித்தனியாகக் கிடந்த பி.டி.எஃப். பில்களை ஒன்றாகச் சேர்த்து ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். கணக்குப்பிள்ளை இணையத்தில் தேடி, இதற்கென்று ஓர் இலவச சாப்ட்வேரை இறக்கினார். அதை ஏற்றத் தொடங்கியதும் ஆண்டி வைரஸ் சிவப்புப் பெட்டி ஒன்றைக் காட்டி நிறுத்திவிட்டது.

உடனே மூன்று யோசனைகள் பிறந்தன. "முதலாளி, இது வைரஸ். தொடவே வேண்டாம்" என்றார் கணக்குப்பிள்ளை. "அப்பா, இலவசமா வர்ற எல்லாத்துக்கும் இது இப்படித்தான் கத்தும். அனுமதி குடுத்துட்டு வேலையைப் பாருங்க" என்றான் என் மகன். சர்வீஸ் செய்யும் தம்பியை போனில் கேட்டோம். "அண்ணே, ஆண்டி வைரஸை ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டு ஏத்துங்க, அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்.

அவசரத்தில் மூன்றாவது யோசனையைத்தான் கேட்டோம். பில்கள் சேர்ந்தன, கணக்கும் நேரத்தில் தாக்கலாயிற்று. ஆனால் நிறுத்திய ஆண்டி வைரஸை மீண்டும் போட எல்லோரும் மறந்துவிட்டோம். ஒன்பது நாள் கடை காவலின்றிக் கிடந்தது. இணையத்தைத் திறந்தால் முதல் பக்கம் மாறியிருந்தது. பாங்கியின் பெயரைப் போட்டுத் தேடினால் பாங்கிக்கு முன்பாக வேறு ஏதேதோ பக்கங்கள் வந்து நின்றன. ஒரு நாள் பகல், "உங்கள் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான பிழைகள் உள்ளன, சரிசெய்யப் பணம் கட்டுங்கள்" என்று ஒரு பெட்டி தோன்ற, கணக்குப்பிள்ளை கார்டு நம்பரைப் பாதி அடித்தும்விட்டார். நல்லவேளையாக ஒருமுறை என்னைக் கேட்டார். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் கையால் பில் எழுதினோம். பாங்கி, ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் பாஸ்வேர்டை மாற்றினோம். பணம் போகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

பின்னர் நிதானமாக விசாரித்தபோது தெரிந்தது, அன்று மூவர் சொன்னதிலும் பாதிதான் உண்மை என்பது.

கொசுறு அல்ல, கட்டாயச் சரக்கு

காய்கறிக் கடையில் நாம் கேட்டு வாங்கும் கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறு. அது கொடுப்பவருக்கும் மகிழ்ச்சி, வாங்குபவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வணிகர்களாகிய நமக்கு வேறொரு வழக்கமும் தெரியும். ஓடுகிற சோப்பு பத்துப் பெட்டி வேண்டுமென்றால், ஓடாத பவுடர் இரண்டு பெட்டியும் எடுத்தாக வேண்டும் என்பார்கள். யூரியா மூட்டை கேட்டால் கூடவே வேறு ஏதாவது எடுங்கள் என்று சொல்லப்படும் கஷ்டம் உரக்கடைக்காரர்களுக்குத் தெரியும். இது கொசுறு அல்ல. இது கட்டாயச் சரக்கு.

இலவச சாப்ட்வேர்களில் பலவும் இந்தக் கட்டாயச் சரக்கு முறையில்தான் வருகின்றன. நாம் கேட்டது பி.டி.எஃப். சேர்க்கும் சாப்ட்வேர். அதை ஏற்றிவிடும் இன்ஸ்டாலருக்குள் ஒரு டூல்பார், ஒரு தேடல் பக்கம், கம்ப்யூட்டரை வேகமாக்குவதாகச் சொல்லும் ஒரு சாப்ட்வேர் என்று மூன்று நான்கு சரக்குகள் கூடவே கட்டப்பட்டிருக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போகும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வரும். அங்கே சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருப்பார்கள். 'ஏற்கிறேன்' என்ற பொத்தான் பெரிதாகப் பளிச்சென்று இருக்கும். 'வேண்டாம்' என்பது மங்கலான சிறு எழுத்தில் மூலையில் ஒளிந்திருக்கும். நாமே சம்மதித்தோம் என்று அவர்கள் பின்னால் சொல்லிக்கொள்ள இது ஒரு வழி.

இதை ஆண்டி வைரஸ் கம்பெனிகள் வைரஸ் என்று சொல்வதில்லை. 'தேவையற்றதாக இருக்கக்கூடிய சாப்ட்வேர்' என்று தனி வகையாகப் பிரித்து வைத்துள்ளன. வைரஸ் என்பது கன்னக்கோல் வைத்து நுழையும் திருடன். இதுவோ வாசல் வழியாக, விருந்தாளியின் பின்னாலேயே உள்ளே வந்து உட்காரும் ஆசாமி.

யார் காசு கொடுக்கிறார்கள்?

இலவசமாகக் கொடுப்பவருக்கு என்ன லாபம் என்பது நமக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி. நம் கம்ப்யூட்டரில் ஒரு சரக்கை ஏற்றிவிட்டால் ஏற்றியவருக்குக் கமிஷன் உண்டு. கூகுள் நிறுவனமும் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த வியாபாரத்தின் கணக்கை வெளியே கொண்டுவந்தது. ஒருமுறை ஏற்றுவதற்கு 10 அமெரிக்க சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை கைமாறியது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 7 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை. எந்த நாட்டுக் கம்ப்யூட்டர் என்பதைப் பொறுத்து விலை மாறும். கூகுளின் பாதுகாப்புப் பிரிவு வாரந்தோறும் 6 கோடிக்கும் மேற்பட்ட முறை இத்தகைய சரக்குகளைப் பற்றி எச்சரிக்க நேர்ந்தது என்றும், அது உண்மையான வைரஸ்களுக்காக விடுத்த எச்சரிக்கையைப் போல் மூன்று மடங்கு என்றும் அந்த ஆய்வு சொன்னது.

நமது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் புழங்கிய அம்மன் காசை வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். சின்னஞ்சிறு செப்புக் காசுதான், ஆனாலும் எண்ணிச் சேர்த்தால் மூட்டையாகும். இந்த வியாபாரமும் அப்படித்தான். நம் ஒரு கம்ப்யூட்டரில் அவர்களுக்குக் கிடைப்பது சில்லறை, கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதுவே பெரும் தொகை.

பெயர் பெற்ற இடங்களிலும் நடந்தது

இது ஊர் பேர் தெரியாதவர்கள் மட்டும் செய்த வேலை என்று எண்ண வேண்டாம். டிஜிட்டல் கையொப்பம் போட ஜாவா தேவைப்பட்ட காலத்தில் நம்மில் பலர் அதை ஏற்றியிருப்போம். அதோடு 'ஆஸ்க்' என்ற டூல்பாரும் வந்து ஒட்டிக்கொண்டது நினைவிருக்கலாம். அதன் பழைய பதிப்புகளை மைக்ரோசாப்ட் 2015இல் தேவையற்ற சரக்கு என்று பட்டியலிட்டது. அடோபியின் பிளாஷ் பிளேயரை இறக்கினால் மெக்காஃபி கம்பெனியின் சோதனை சாப்ட்வேருக்கு முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. ஏராளமான இலவச சாப்ட்வேர்களோடு சேர்ந்து வந்த 'ஓபன்கேண்டி' என்ற விளம்பர இணைப்பை 2011இல் மைக்ரோசாப்ட் விளம்பரச் சரக்கு என்று முத்திரை குத்தியது.

அதே 2011 டிசம்பரில், 'என்மேப்' என்ற புகழ்பெற்ற சாப்ட்வேரை எழுதிய கார்டன் லயன் ஒரு புகாரை வெளியிட்டார். டவுன்லோட் டாட் காம் என்ற பெரிய தளம், தம்மைக் கேளாமலேயே தம் சரக்கைத் தன் இன்ஸ்டாலருக்குள் போட்டு, டூல்பாரையும் சேர்த்துக் கொடுக்கிறது என்பது அவர் முறையீடு. தயாரித்தவருக்கே தெரியாமல் அவர் லேபிளின் கீழ் வேறு சரக்கு! 2015இல் சோர்ஸ்போர்ஜ் தளத்தில் 'ஜிம்ப்' என்ற படம் திருத்தும் சாப்ட்வேருக்கும் இதே கதி நேர்ந்தது. ஜிம்ப் குழுவினர் அந்தத் தளத்தை 2013லேயே விட்டு விலகியிருந்தும், அவர்கள் பெயரில் விளம்பர இணைப்போடு இன்ஸ்டாலர் கொடுக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்தது. 2016இல் தளத்தை வாங்கிய புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தையே கைவிட்டனர்.

வணிகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 2020 ஜூலையில் நடந்தது. கம்ப்யூட்டரைத் துப்புரவு செய்ய உலகெங்கும் பயன்படுத்தப்படும் 'சிசிளீனர்' சாப்ட்வேரின் சில இலவச இன்ஸ்டாலர்களை விண்டோசில் உள்ள டிஃபெண்டர் தேவையற்றது என்று பிடித்தது. அதோடு கட்டி வந்த சரக்கு என்ன தெரியுமா? கூகுள் குரோம், கூகுள் டூல்பார், அவாஸ்ட், ஏ.வி.ஜி. ஆகிய ஆண்டி வைரஸ்கள்! இவை ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் முறையான சரக்குகள்தான் என்று மைக்ரோசாப்டே ஒப்புக்கொண்டது. கட்டிக் கொடுத்த முறையைத்தான் அது குறை சொன்னது. ஆக, எச்சரிக்கை வந்தால் நாம் கேட்ட சரக்கு கெட்டது என்று அர்த்தம் அல்ல. கூடவே ஏதோ வருகிறது, பிரித்துப் பார் என்று அர்த்தம்.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

ஆண்டி வைரஸ் கத்தும்போது அது ஒரு பெயரையும் சொல்லும். அந்தப் பெயரைப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

பெயரில் பி, யு, ஏ அல்லது பி, யு, பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ, ஆட்வேர், பண்ட்லர் என்ற சொற்களோ இருந்தால் அது பெரும்பாலும் கட்டாயச் சரக்கு. அந்த இன்ஸ்டாலரை மூடிவிட்டு, அதே சாப்ட்வேரைத் தயாரித்தவரின் சொந்தத் தளத்தில் இணைப்பில்லாமல் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ட்ரோஜன், ரான்சம், பாஸ்வேர்ட் ஸ்டீலர் போன்ற சொற்கள் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. உடனே அழித்துவிட வேண்டும்.

'தெரியாத வெளியீட்டாளர்' என்றோ, 'விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரைப் பாதுகாத்தது' என்றோ நீலப் பெட்டி வந்தால் அது மூன்றாவது வகை. அந்த சாப்ட்வேர் அதிகப் பேரிடம் புழங்கவில்லை, அல்லது டிஜிட்டல் கையொப்பம் இல்லை என்பதே அதன் பொருள். உள்ளூர் இளைஞர்கள் நமக்கென்று எழுதித் தரும் பில்லிங் சாப்ட்வேருக்கு இது அடிக்கடி வரும். எழுதியவரை நேரில் தெரியும், அவர் கையால் கொடுத்தது என்றால் அவரையே கேட்டுத் தெளியலாம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியது என்றால் ஒதுக்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் 'வைரஸ் டோட்டல்' என்ற இலவசத் தளம் உண்டு. 2004இல் ஸ்பெயினில் தொடங்கி 2012இல் கூகுள் வாங்கியது. கோப்பை அங்கே கொடுத்தால் அறுபது எழுபது ஆண்டி வைரஸ்களின் தீர்ப்பு ஒரே பக்கத்தில் வரும். இரண்டு மூன்று மட்டும் பி.யு.ஏ. என்றால் அது இணைப்புச் சரக்காக இருக்கலாம். பத்து இருபது சேர்ந்து ட்ரோஜன் என்றால் சந்தேகமே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அங்கே கொடுப்பதைப் பிறரும் பார்க்க வாய்ப்புண்டு. இன்ஸ்டாலரைக் கொடுக்கலாம், கடைக் கணக்கையோ வாடிக்கையாளர் பட்டியலையோ ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

இப்போது அந்த மூன்று யோசனைகளுக்கு வருவோம். கணக்குப்பிள்ளை பயந்தது தவறில்லை. ஆனால் வந்தது வைரஸ் அல்ல. அதே வேலைக்கு இணைப்பில்லாத சாப்ட்வேர் வேறு இடத்தில் இருந்தது. மகன் சொன்னதுபோல் பல இலவசங்களுக்கு இந்த எச்சரிக்கை வருவது உண்மை. ஆனால் படிக்காமல் அனுமதி கொடுத்துப் பழகிய கை, நாளை ட்ரோஜன் வந்தாலும் அதே பொத்தானைத்தான் அழுத்தும். மூன்றாவது யோசனைதான் மிகவும் கெட்டது. ஒரு விருந்தாளியை உள்ளே விடுவதற்காக வாட்ச்மேனையே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இதில் உள்ள உண்மையான ஆபத்தை அறிய வேண்டும். 2018 முதல் பரவிய 'ஸ்டாப்' என்ற ரான்சம் வகை, கம்ப்யூட்டரிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. திருட்டு சாப்ட்வேர்களுக்கான 'கிராக்' கோப்புகள் வழியாகவும், இத்தகைய விளம்பர இணைப்புகள் வழியாகவும்தான் அது பெரும்பாலும் நுழைந்தது. கிராக் போடுவதற்கு முதல் படியே ஆண்டி வைரஸை நிறுத்துவதுதானே! சில ஆயிரம் ரூபாய் லைசென்ஸ் மிச்சம் என்று நினைத்து, பல வருஷ நிலுவைக் கணக்கை இழக்கலாமா? எழுதி வைக்காத கடனை யார் திருப்பித் தருவார்கள்?

காவலரும் வியாபாரியே

ஆண்டி வைரஸ் கம்பெனிகள் எல்லாம் தர்ம ஸ்தாபனங்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. இலவச ஆண்டி வைரசே மற்ற சாப்ட்வேர்களோடு கட்டாயச் சரக்காக வந்ததை மேலே பார்த்தோம். அவாஸ்ட் நிறுவனம் தன் பயனாளர்களின் இணைய நடமாட்ட விவரத்தை 'ஜம்ப்ஷாட்' என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது வெளிச்சத்துக்கு வந்து, 2020 ஜனவரியில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இதற்காக 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது.

இதற்காகக் காவலே வேண்டாம் என்பதில்லை. விண்டோசுடன் வரும் டிஃபெண்டரே கட்டாயச் சரக்குகளைத் தடுக்கும். 2021 ஆகஸ்டு முதல் விண்டோஸ் 10இல் அந்தத் தடுப்பு தானாகவே இயங்கும்படி செய்யப்பட்டது. நம் நாட்டுத் தயாரிப்புகளும் உண்டு. குயிக் ஹீல் நிறுவனத்தைத் தொடங்கிய கைலாஷ் கட்கர், புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர்க் கடை நடத்தியவர். கே7 நிறுவனம் சென்னையைச் சேர்ந்தது. எதை வாங்கினாலும் ஒன்றை மட்டும், பில்லோடு வாங்க வேண்டும். இரண்டு ஆண்டி வைரஸ் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டு நம் வேலையைக் கெடுக்கும்.

சட்டமும் அரசும்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குழப்பமான வாசகத்தில் கேள்வி கேட்பது, 'வேண்டாம்' பொத்தானை மறைப்பது, தொடர்பில்லாத சேவையில் சேரும்படி கட்டாயப்படுத்துவது, வைரஸ் இருப்பதாகப் பொய்யாகப் பயமுறுத்திப் பணம் கேட்பது ஆகியவை அதில் உள்ளன. எங்கள் கணக்குப்பிள்ளையைக் கார்டு நம்பர் அடிக்க வைத்தது அந்தக் கடைசித் தந்திரம்தான்.

மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில், கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

கடைக்குக் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பில்லிங் கம்ப்யூட்டரில் சினிமா, விளையாட்டு, வீடியோ இறக்கும் சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு வேறு கம்ப்யூட்டர் கொடுங்கள்.

2. சாப்ட்வேர் தேடும்போது முதலில் வருவதை அழுத்தாதீர்கள். மேலே நிற்பது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். தயாரித்தவரின் தளம் எது என்று பார்த்து அங்கிருந்து எடுங்கள். ஜி.எஸ்.டி. சம்பந்தப்பட்ட இலவசக் கருவிகளை ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

3. ஏற்றும்போது 'எக்ஸ்பிரஸ்', 'ரெகமண்டட்' என்பதை விட்டு 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, தேவையில்லாத டிக்கை எடுத்துவிடுங்கள்.

4. எந்த சாப்ட்வேருக்காகவும் ஆண்டி வைரஸை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால்தான் ஏறும் என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று அவரிடம் விளக்கம் கேளுங்கள்.

5. தினசரி பில் போடும் ஆளுக்குத் தனி லாகின் கொடுங்கள். புதிய சாப்ட்வேர் ஏற்றும் அதிகாரமுள்ள பாஸ்வேர்டு முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும். கல்லாச் சாவியை எல்லோரிடமும் கொடுக்கிறோமா?

6. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க் போன்ற சாப்ட்வேர்களை வைத்து நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. சர்வீஸ் முடிந்ததும் அந்த இணைப்பைத் துண்டியுங்கள்.

7. வாரம் ஒருமுறை கணக்கைத் தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம் அதையும் பூட்டிவிடும்.

எங்கள் கடையில் இப்போது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. சிவப்புப் பெட்டி வந்தால் கணக்குப்பிள்ளை தேதி போட்டு, அது சொன்ன பெயரை அப்படியே எழுதிவிட்டு என்னைக் கூப்பிடுவார். இருவரும் சேர்ந்து படித்த பிறகே பொத்தானை அழுத்துவோம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அன்று மிச்சப்படுத்த நினைத்ததும் அதே ஐந்து நிமிடம்தான்.

லாரியில் சரக்கு வந்து இறங்கினால் பில்லோடு ஒத்துப் பார்த்து, எண்ணிய பிறகே கிட்டங்கிக்குள் விடுகிறோம். பில்லில் இல்லாத மூட்டை ஒன்று கூடுதலாக இருந்தால், இலவசமாக வந்தது என்று மகிழ மாட்டோம். யாருடையது, ஏன் வந்தது என்று கேட்போம். கம்ப்யூட்டருக்குள் இறங்கும் சரக்குக்கும் அதே வழக்கத்தைக் கடைப்பிடிப்போம்.